மூணு புள்ளி போட்ட கேலிப்பர்

அந்த ரேக்குல மேல் தட்டுல கீற பிரேக் கேலிப்பர மட்டும் தொடாதீங்க சார். அது விக்கறதுக்கு இல்ல. உங்க வண்டிக்கு வேற எட்த்து தரேன், உக்காருங்க. ஏன் விக்க மாட்டேன்னு கேக்கறீங்க, சொன்னா சிரிப்பீங்க. அயனம்பாக்கம் ஏரி பக்கம் பிளாட்டு வாங்கிகினு, நாள் முச்சூடும் கம்ப்யூட்டர் முன்னாடி குந்திகினு வேலை செய்றவங்க, உங்களுக்கு இது கப்சாவா தான் தெரியும். தெரியட்டும், பரவால்ல. வேற எவனாவது வந்து இத என் கையில சொல்லியிருந்தா நானே "போடா டுபாக்கூரு"ன்னு தொரத்தி உட்டிருப்பேன்.

பேயி, பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாத ஆளு நான். நம்பினா இந்த தொழில்ல ஒரு வாரம் தாங்க முடியாது. என் வேலை இன்னான்னா, காயலாங்கடைக்கு வர்ற காருங்கள்ல இருந்து பிரேக் சாமான மட்டும் கழட்றது. எஞ்சின் ஒருத்தன் கழட்டுவான், கதவு கண்ணாடி ஒருத்தன் கழட்டுவான், பிரேக்கு எனக்கு. கழட்டிகினு வந்து, கழுவி, உள்ள ரப்பரு மாத்தி, பாடில கீற இந்த கடையில வெச்சி விப்பேன். நான் விக்கற ஒவ்வொரு சாமான்லயும் பஞ்ச் வெச்சி மூணு புள்ளி தட்டி உடுவேன், நாளைக்கு எவனாவது திருப்பி கொண்டாந்தா என்னுதான்னு தெரியணும் இல்ல, அதுக்கு. இருவது வருஷமா இதான் பொழப்பு. காயலாங்கடைக்கு வர்ற காருல பாதி அடிபட்ட வண்டி. சீட்டுக்கு அடியில வளையல் துண்டு கெடக்கும், கொழந்த செருப்பு ஒத்தையா கெடக்கும், டேஷ்போர்டுல சாமி படம் அப்டியே ஒட்டிகினு இருக்கும். அந்த சீட்டு மேலயே பொட்டலத்த பிரிச்சி வெச்சி பரோட்டா துன்னவன் நான். ஒரு கெட்ட கனவு கூட வந்ததில்ல.

இத சொல்லணும்னா சலீம் பாய பத்தி சொல்லணும். பூந்தமல்லிக்காரரு. என்னிய விட எட்டு வயசு பெரியவரு, பதினாலு வருஷம் நானும் அவரும் ஒண்ணா வேலை பண்ணோம். பிரேக் வேலை ஒத்த ஆளா பண்ண முடியாது சார். ஒருத்தன் டிரைவர் சீட்டுல குந்தி பெடல அமுக்கணும், இன்னொருத்தன் சக்கரத்தாண்ட குந்திகினு நிப்பிள தொறந்து உள்ள கீற காத்த வெளிய உடணும். கீழ கீறவன் "அமுக்கு"ன்னா அமுக்கணும், "உடு"ன்னா தான் கால எடுக்கணும். நடுவுல எட்த்தா காத்து திருப்பி உள்ள பூந்துரும், பண்ண வேலை அத்தினியும் நாசம். கீழ எப்பவும் நான், மேல பாய். பக்கத்து லேத்து பட்டறை சத்தத்துல அவரு கொரல் எனக்கு கேக்காது, அதனால கையில போட்டிருந்த வெள்ளி மோதிரத்தால கதவ ரெண்டு தட்டு தட்டுவாரு. டக் டக். புட்ச்சிகினேன்னு அர்த்தம்.

மனுஷன் எப்டின்னா, ஒரு வாட்டி நான் "அமுக்கு"ன்னு சொன்ன நேரம் போன் வந்திச்சி. பேசிகினே வெளிய போனேன், அப்டியே டீக்கடையில ஒருத்தன் மாட்டினான், அவன் கூட வம்பு பேசிகினு வேலையவே மறந்துட்டேன். அரை மணி நேரம் கழிச்சி வந்து பாத்தா பாய் பெடல அமுக்கிகினு அப்டியே குந்திகினு கீறாரு. அவருக்கு வலது முட்டி போன முட்டி சார், படி ஏறவே அல்லாவ கூப்புட்ற முட்டி. நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துது. "இன்னா பாய், கால எட்த்துட்டு போறது தானே"ன்னா, "நீ உடுன்னு சொல்லலியே நைனா, நான் எப்டி எடுப்பேன், காத்து பூந்துராது?"ன்னாரு. அன்னிக்கி வுழுந்து வுழுந்து சிரிச்சோம்.

அப்டி இருந்தவர நான் தான் தொரத்தினேன். சக்கரத்த புடிக்கற கேலிப்பர் உள்ள பிஸ்டன்னு ஒண்ணு கீது சார், பெடல அமுக்கினா அது வெளிய வந்து தான் பிரேக்க புடிக்கும். பழைய வண்டியில அதுல புள்ளி புள்ளியா துரு துன்னுருக்கும். அப்டி துன்ன பிஸ்டன தூக்கி போட்டுரணும், மாட்டினா என்னிக்காவது ஒரு நாள் சிக்கிகினு நிக்கும். இது பாயோட கண்டிஷன். நான் இன்னா பண்ணுவேன், எமரி ஷீட் போட்டு பளபளன்னு தேய்ச்சி, புது ரப்பர மாட்டி வித்துருவேன். பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். ஒரு நாள் பாய் அத பாத்துட்டு சுத்தியால பிஸ்டன ஒரே போடு போட்டு நசுக்கிட்டாரு, அதுவும் கஸ்டமர் முன்னாடி. எனக்கு வந்திச்சி பாருங்க கோவம். "யோவ், நீ கால் அமுக்கற ஆளு. கால மட்டும் அமுக்கு. மத்தத நான் பாத்துக்கறேன்"ன்னு சொல்லிட்டேன். பதினாலு வருஷ பழக்கம் சார். அந்த மனுஷன் கைய தொடச்சிகினு, செருப்ப மாட்டிகினு போய்ட்டாரு. நானும் போய் கூப்புடல. அவ்ளோ திமிரு எனக்கு.

அப்பால ஒரு பழைய காரு வாங்கி டாக்ஸி ஓட்டிகினு கீறாருன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு வருஷம் பேச்சு வார்த்த இல்ல. ஒரு நாள் விடியக்காலைல போன், பாய் போய்ட்டாரு. குத்தம்பாக்கத்தாண்ட ரோட்டோரமா லைட்டு இல்லாம ஒரு லாரிய நிறுத்தி வெச்சிருக்கான் ஒரு பேமானி, அது பின்னால போய் சொருகிட்டாரு. மய்யத்து எடுக்கறப்போ போனேன். உள்ள போக மூஞ்சி இல்ல, தெருமுனையிலயே நின்னுகினு இருந்தேன். அங்க எல்லாரும் ஒரே பேச்சு, தூங்கிட்டாரு, தூக்கத்துல உட்டுட்டாருன்னு. ஊரு வாய்க்கு இன்னா, செத்தவன் எழுந்து வந்தா பதில் சொல்லப் போறான்.

மூணாம் நாள் அவரு ஊட்டுக்கு போனேன். பாய் சம்சாரம் மெஹருன் அக்கா, புருஷன் போனா இருக்கற இத்தாவுல கீறாங்க, வெளி ஆம்பளைங்கள பாக்க மாட்டாங்க இல்ல, தெர பின்னால நின்னுகினு பேசினாங்க. "குணா, அவரு தூங்கலப்பா. அவரு ஒரு நாளும் ஸ்டேரிங்ல தூங்கினவரு இல்ல. வண்டி பிரேக்கு தான் புடிக்காம போயிருக்கும். வண்டிய காயலாங்கடைக்கு தள்ளிகினு போய்ட்டாங்க. நீ போய் பாத்து சொல்லு. நீ சொன்னா நான் நம்பறேன். அவரு மேல இந்த பேச்சு வேணாம்பா"ன்னாங்க. சரிக்கான்னு சொல்லிட்டு வந்தேன். மெய்யாலுமே அன்னிக்கி எனக்கு கொஞ்சம் பெருமை தான், பாத்தியா, கடைசில பாய்க்கு நான் தான் தேவப்பட்டேன்னு. கேவலமான புத்தி.

மறுநாள் திருமழிசை தாண்டி அந்த காயலாங்கடைக்கு போனேன். ராத்திரி இல்ல சார், அமாவாசை கிமாவாசை ஒண்ணும் இல்ல, பட்டப்பகல், உச்சி வெயில் மண்டைய பொளக்குது. ஓனரு ஊருக்கு போய்ட்டாரு, வாட்ச்மேன் மாரிமுத்து மட்டும் தான். நான் பிரேக் பாக்கணும், பெடல் அமுக்க ஆளு வேணும்னு சொன்னேன். "நீ போய் கழட்டிகினு இரு அண்ணாத்தே, நான் சாப்ட்டு வந்து அமுக்கறேன்"னுட்டு கேட்டாண்ட தூக்குவாளிய தொறந்துகினு குந்திட்டான்.

வண்டிய பின்னால ஒரு மூலையில, டிரைவர் பக்கம் செவுரு பாத்த மாதிரி போட்டு வெச்சிருந்தாங்க. முன் கண்ணாடி நொறுங்கி வெள்ளையா நின்னுகினு இருந்திச்சி, உள்ள ஒண்ணும் தெரியல. டிரைவர் பக்கம் போய் பாக்கவும் எனக்கு மனசு வரல, பாய் உயிரு போன எடம். இடது பக்கம் முன் சக்கரத்த கழட்டினேன். கேலிப்பர் மேல ஒரே மண்ணு, துணி போட்டு தொடச்சேன். நிப்பிள் பக்கத்துல மூணு புள்ளி.

என் கை. என் புள்ளி.

உடனே ஞாபகம் வந்திச்சி. ரெண்டு மாசம் முன்னாடி ஆவடில இருந்து ஒரு மெக்கானிக்கு வந்து இந்த மாடலுக்கு கேலிப்பர் கீதான்னு கேட்டு வாங்கிகினு போனான். யாரு வண்டிக்குடான்னு நான் ஒரு வார்த்த கேக்கல. அது எமரி ஷீட் போட்டு தேய்ச்ச பிஸ்டன் தான். துரு துன்ன பிஸ்டன் தான். பாய் என் கடைக்கு வந்திருந்தா அத தொட்டு கூட பாத்திருக்க மாட்டாரு, எவனோ மாட்டி உட்டிருக்கான், நான் குட்த்தது தேடிகினு போய் அவரு வண்டியிலயே ஒக்காந்துகிச்சி.

அங்கயே மண்ணுல குந்திட்டேன். இப்போ கணக்கு சுலபம். பாய் தூங்கலன்னா நான் அவர கொன்னுட்டேன். நான் கொல்லலன்னா பாய் தூங்கிட்டாரு. மூணாவது வழியே கெடையாது. போல்ட்ட கழட்டி, கேலிப்பர தூக்கி, பிரேக் கட்டைய உருவினேன். பிஸ்டன் விளிம்புல கம்பி உட்டு நெம்பினேன். அசையல. சுத்தியால ஓரத்துல தட்டினேன், அசையல. சாமி சத்தியமா சொல்றேன் சார், கல்லு மாதிரி நின்னுகினு இருந்திச்சி. இன்னும் ஒரே வழி தான், பெடல அமுக்கி பாக்கணும். அந்த அழுத்தத்துல வெளிய வந்துட்டா பிரேக் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். நான் தப்பிச்சேன்.

அப்போ சீட்டு ஸ்பிரிங்கு கிறீச்சுன்னுச்சி. ஆளு ஏறி குந்தினா வருமே, அந்த சத்தம். மாரிமுத்து சாப்ட்டு வந்துட்டான்னு நெனச்சிகினேன். தல தூக்கி பாக்கல, எப்பவும் வேலையில நான் தல தூக்க மாட்டேன், பழக்கம். பிஸ்டன் மேலயே கண்ண வெச்சிகினு, "அமுக்கு"ன்னேன்.

நம்பினா நம்புங்க, நம்பாட்டி உடுங்க. கம்பிக்கும் சுத்திக்கும் அசையாத அந்த பிஸ்டன், எண்ணெ போட்ட மாதிரி வழுக்கிகினு வெளிய வந்திச்சி. மெதுவா, நிதானமா. முழுசா வெளிய துப்பிட கூடாதுன்னு தெரிஞ்சவன் அமுக்கற அமுக்கு அது. நான் தேய்ச்ச பளபளப்பு, அதுக்கு நடுவுல துரு துன்ன புள்ளிங்க, எல்லாம் என் கண்ணு முன்னாடி தெரியுது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, இப்போ நெனச்சா என்னிய நானே செருப்பால அடிச்சிக்கணும் போல கீது. அப்பாடா, பிரேக்கு நல்லா தான் இருந்திருக்கு, நான் கொல்லல, பாய் தான் தூங்கிட்டாருன்னு மனசு குதிக்குது.

டக் டக்.

மாரிமுத்துக்கு அந்த தட்டு தெரியாது சார். அது எனக்கும் பாய்க்கும் மட்டும் தெரிஞ்சது. ஒடம்புல கீற முடியெல்லாம் நட்டுகிச்சி. எப்டியோ பேனட்ட புட்ச்சிகினு எழுந்து, டிரைவர் பக்கம் சுத்திகினு போய் பாத்தேன்.

யாரும் இல்ல. அது கூட பரவால்ல சார், கேளுங்க. ஸ்டேரிங்கு வந்து சீட்டோட ஒட்டிகினு கீது. கீழ தகடு மடிஞ்சி, பெடல் வளைஞ்சி அதுக்கு அடியில மாட்டிகினு கீது, ஒரு கைய உட்டு கூட அத தொட முடியாது, அப்புறம் தான கால் வெக்கறது. பிரேக் ஆயில் டப்பா ஒடைஞ்சி, வெயில்ல காஞ்சி, சொட்டு ஆயில் இல்ல. டிரைவர் பக்கம் கதவே கெடையாது. பாய வெளிய எடுக்க அறுத்து போட்டிருக்காங்க. கதவே இல்லாத வண்டியில எத தட்டி எனக்கு சத்தம் கேட்டிச்சி, சொல்லுங்க.

அந்நேரம் மாரிமுத்து கேட்டாண்ட இருந்து கைய ஒதறிகினு வரான். வந்து உள்ள பாத்துட்டு, "இன்னா அண்ணாத்தே, இதுல எங்க குந்தி அமுக்க சொல்ற? பூனை கூட பூராதே"ன்னான். ஸ்பானர், சுத்தி, ஜாக்கி எல்லாத்தையும் அப்டியே போட்டுட்டு ஓடி வந்துட்டேன். ரோட்டுக்கு வந்து எந்த பஸ்ல ஏறினேன், எப்டி ஊட்டுக்கு வந்தேன், எதுவும் தெரியல.

நாலு நாள் கழிச்சி தான் சாமான எடுக்க போனேன். வண்டிய வெட்டி ஏத்தி அனுப்பிட்டாங்க. மாரிமுத்து என் பைய குட்த்துட்டு, கூடவே ஹோஸ அறுத்து அந்த கேலிப்பரையும் குட்த்தான். "உன் புள்ளி கீது இல்ல, உன்னுதுன்னு எட்த்து வெச்சேன்"ன்னான். வாணாம்னு எப்டி சொல்வேன், என்னுது தானே.

அங்க இருந்து நேரா பூந்தமல்லிக்கு போனேன். அதே தெர, அதே எடம். அக்கா கேட்டாங்க, "பாத்தியாப்பா?" நான் சொன்னேன், "பாத்தேன்க்கா. பிரேக்கு நல்லா தான் கீது. அவரு அசந்துட்டாரு போல." "நீ சொன்னா சரிப்பா"ன்னாங்க. மூஞ்ச பாத்து சொல்லியிருந்தா என் நாக்கு வந்திருக்காது சார். தெர இருந்திச்சி, சொல்லிட்டேன். டீ குட்த்தாங்க, குட்ச்சேன். அந்த ஊட்டு டீய குட்ச்சிட்டு தான் வந்தேன்.

இப்போ தெருவுல அவர பத்தி பேச்சு முடிஞ்சி போச்சி. தூங்கி செத்தவரு. கூட இருந்த கூட்டாளியே பாத்து சொல்லிட்டான், அப்புறம் இன்னா. எல்லாரும் மறந்துட்டு அவங்க அவங்க வேலைய பாக்க போய்ட்டாங்க.

தோ, இத பாருங்க. பரவால்ல, நானே எட்த்து காட்றேன். பின்னால ஹோஸ் அறுத்தது, ஓட்ட தொறந்துகினு கீது, உள்ள ஆயில் கெடையாது, காத்து தான். இந்த மாதிரி இருந்தா பிஸ்டன கட்ட வெரலால அமுக்கினா உள்ள போயிரணும். போவாது. கிளாம்பு போட்டு இறுக்கினேன், போவல. வைஸ்ல வெச்சி நான் தொங்கி இறுக்கினதுல கேலிப்பர் காது வெடிச்சிச்சி, தோ இங்க வெடிப்பு தெரியுதா, பிஸ்டன் ஒரு நூலு உள்ள போவல. துரு புட்ச்சிருக்கும்னு சொல்வீங்க. பாருங்க, அன்னிக்கி வந்த பளபளப்பு அப்டியே கீது, சுத்தி ஈரம் வேற. தெனம் தொடைக்கறேன், தெனம் ஈரமாவே கீது. அந்தாண்ட இருந்து யாரோ கால் வெச்சி புட்ச்சிகினு கீற மாதிரி தான் நிக்குது.

எனக்கு தெரியும் சார் ஏன்னு. அன்னிக்கி நான் "அமுக்கு"ன்னு சொன்னேன். அவரு அமுக்கினாரு, புட்ச்சிகினேன்னு தட்டியும் காட்டினாரு. நான் "உடு"ன்னு சொல்லாம ஓடி வந்துட்டேன்.

ஒரு வார்த்த தானே, சொல்லிட்டு போன்னு நீங்க சொல்வீங்க. கடைய மூடிட்டு இது முன்னாடி எத்தினியோ நாள் நின்னுட்டேன். வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறேன். பயம் இல்ல. நான் "உடு"ன்னா அவரு கால எட்த்துருவாரு. எட்த்த அப்பால பிஸ்டன நெம்பி பாத்தா தெரிஞ்சிரும், அது தானா ஓடற பிஸ்டனா, அவரு எனக்காக ஓட்டி காட்டின பிஸ்டனான்னு. அப்புறம் நான் அந்த தெர முன்னாடி போய் திருப்பி நிக்கணும். அவரு அமுக்கிகினு கீற வரைக்கும் எனக்கு அந்த வேலை இல்ல. கால மட்டும் அமுக்குன்னு நான் தானே சொன்னேன், மனுஷன் சொன்ன வார்த்தைய மீறவே இல்ல.

உங்க வண்டிய நாளைக்கு கொண்டாங்க சார், கூட அமுக்க ஒரு ஆள கூட்டிகினு வாங்க, நான் இப்போ தனியா "அமுக்கு"ன்னு சொல்றதே இல்ல. அவருக்கு வலது முட்டி போன முட்டி சார். அன்னிக்கி அரை மணி நேரத்துக்கே வேர்த்து ஊத்திகினு இருந்தாரு. இதோட ஏழு மாசம் ஆவுது.